நீந்தும் நேரமும் நிற்கும் நேரமும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய நான் சங்கச் செய்யுள் நயத்தையோ கம்பன் கவியின்பத்தையோ எழுதுவேனென்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அத்தகைய பொருள்களை என்னினும் நன்கு எழுதவல்ல பெரியோர் பலர் இம்மலரில் உளர். ஆதலின் கல்லூரியில் என்பாலுள்ள மற்றொரு பணியைப் பற்றிச் சில கூற விழைந்தேன். ஆசிரிய கலாசாலையிலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பயிற்றப்பட்ட ஆசிரியனாய் வெளிவந்த எனக்கு, இலக்கணத்தோடு நீச்சற் குழுவின் பொறுப்பும் வந்து சேர்ந்தது. கடற்கரையூரிற் பிறந்தவன் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எனக்கிருந்ததாக எவரும் கூறவில்லை. பொறுப்பு வந்தபின் நூல்களைத் தேடிக் கற்றும், பயிற்சியாளரைக் கேட்டறிந்தும், மாணவரை நாடோறும் நோக்கியும் பெற்ற அறிவையே இங்குத் தருகின்றேன்.

எம்மவர்க்கு நீச்சல் புதியதன்று. 1954 ஆம் ஆண்டிலே தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971 ஆம் ஆண்டிலே வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் அந்நீரிணையைப் போகவும் மீளவும் 51 மணி நேரத்தில் நீந்தி உலகோர் வியக்கச் செய்தார். அவர் 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தமையும் நாம் மறத்தற்கரியது. இத்தகைய வீரர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த எம் பிள்ளைகளின் உள்ளத்திலே, நீச்சலென்றால் நில்லாது நீந்துதலே என்னும் எண்ணம் ஆழப் பதிந்திருத்தல் இயல்பே. கடலைக் கடப்பவனுக்கு அது பொருந்தும். ஆயின் 25 மீற்றர் நீளமுள்ள தடாகத்திலே 100 மீற்றரையோ 400 மீற்றரையோ மற்றவனுக்கு முந்தி முடிக்க வேண்டியவனுக்கு அது மட்டும் போதாது. அவன் விரைவாக நீந்தப் பழகவேண்டும். விரைவாக நெடுநேரம் நீந்துதல் எவராலும் இயலாது. ஆகவே நெடுந்தூரத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் குறித்த வேகத்தில் நீந்தி, இடையிடையே குறித்த அளவு ஓய்வு கொண்டு, மீண்டும் நீந்துகின்ற முறையொன்றை வகுத்தனர். இதுவே இடைவேளைப் பயிற்சி எனப்படுவது.

இம்முறை முதலில் ஓட்டத்திற் சிறந்து பின்னரே நீருக்கு வந்தது. 1930 ஆம் ஆண்டுகளிலே ஜேர்மனியில் கெர்ஷ்லர் என்னும் பயிற்சியாளர் ஹார்பிக் என்னும் ஓட்டவீரரை இவ்வழியிற் பயிற்றினார். ஹார்பிக் 1939 இல் மிலான் நகரிலே 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடி நாட்டிய உலக சாதனை 1955 வரை நிலைத்தது. கெர்ஷ்லரும் ரைன்டெல் என்னும் இதய மருத்துவரும் கூடி ஆராய்ந்து, நாடித்துடிப்பையே அளவுகோலாகக் கொண்டனர். முயற்சியின் முடிவில் நிமிடத்துக்கு 180 அளவில் இருக்கும் துடிப்பு, ஒன்றரை நிமிடத்துள் 120 அளவுக்கு இறங்கவேண்டும்; இறங்காவிடின் அம்முயற்சி அவனுக்கு மிகையானது என்பது அவர் கொள்கை. ஓய்வு வேளையிலேதான் இதயம் வலுப்பெறுகின்றது என்றும் அவர்கள் கருதினர். பின்வந்த அறிஞர் இக்கருத்தைப் பலவாறு திருத்தினரெனினும், ஓய்வையும் பயிற்சியின் ஓர் உறுப்பாகக் கொண்டு அதனை அளந்து கொடுக்கவேண்டும் என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை. 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோசிலோவாக்கிய வீரர் சாட்டோபெக், 400 மீற்றர் ஓட்டத்தை இடையிடையே மெல்லோட்டம் கலந்து பன்முறை ஓடிப் பயின்றவரே.

நீச்சலிலே இம்முறையை ஊன்றியவருள் இருவரைக் குறிப்பிடல் வேண்டும். ஒருவர் அவுஸ்திரேலியரான போர்ப்ஸ் கார்லைல். இவர் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் கற்பித்தவர். பயிற்சியிலே கடிகாரத்தையும் நாடித்துடிப்பையும் சீரான வேகத்தையும் வற்புறுத்தியவர். இவரிடம் பயின்ற ஷேன் கூல்ட் என்னும் பெண், 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்கிலே தனிப் போட்டிகளில் மூன்று தங்கங்களை வென்றார். மற்றவர் அமெரிக்காவில் இந்தியானாப் பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளரான கவுன்சில்மன். அதே ஒலிம்பிக்கில் ஏழு தங்கங்களைப் பெற்ற மார்க் ஸ்பிற்ஸ் இவர் மாணவர். 1968 இல் இவர் வெளியிட்ட நீச்சல் விஞ்ஞானம் பற்றிய நூல், பயிற்சியாளர் பலருக்கு முதற் பாடநூலாயிற்று. கற்பித்ததோடமையாது, தம் 58 ஆம் வயதில், 1979 இல், இவர் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார்.

இனிப் பயிற்சியை வகுக்கும் முறைக்கு வருவோம். தடாகத்தின் கரையிலே பெரிய கடிகாரமொன்று வைக்கப்படும். அதிலே மணிமுள்ளுக்கு வேலையில்லை. 60 செக்கனில் ஒருமுறை சுற்றிவரும் பெருமுள்ளே வேண்டப்படுவது. நீந்துவோன் சுவரைத் தொட்டவுடன் தலையுயர்த்தி அம்முள்ளை நோக்கித் தன் நேரத்தைத் தானே அறிந்துகொள்வான். “நூறு மீற்றர், பத்து முறை, இரண்டு நிமிடத்தில்” என்று பயிற்சியாளர் கூறினால், ஒரு புறப்பாட்டுக்கும் மறு புறப்பாட்டுக்கும் இடையே இரண்டு நிமிடம் என்பது பொருள். நீந்திய நேரம் போக எஞ்சியதே ஓய்வு. 1 நிமிடம் 35 செக்கனில் முடித்தவனுக்கு 25 செக்கன் கிடைக்கும். 1 நிமிடம் 55 செக்கனில் முடித்தவனுக்கு 5 செக்கன் மட்டுமே கிடைக்கும்.

இவ்விடத்தில் வாசகர் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருவருக்கும் ஒரே கட்டளை. இருவருக்கும் ஒரே கடிகாரம். ஆயினும் எவன் மிகுதியாகக் களைத்தானோ அவனுக்கே ஓய்வு குறைவாகின்றது. வேகமுள்ளவன் மூச்சு நிறைந்து அடுத்த சுற்றையும் செம்மையாக நீந்துகிறான். மெலிந்தவன் மூச்சு வாங்குமுன்னரே மீண்டும் புறப்படுகிறான். முன்னதினும் மெதுவாக வருகிறான். அதனால் அவன் ஓய்வு இன்னும் சுருங்குகின்றது. ஐந்தாறு சுற்றுக்குப் பின் அவனுக்கு ஓய்வென்பதே இல்லை. பார்ப்பவர் அவனைச் சோம்பேறி என்பர். அவனும் அதனை நம்பிவிடுவான்.

இது வெறுங் கற்பனையன்று. சில ஆண்டுகளுக்கு முன் வேறோரிடத்திற் பயின்றுவந்த மாணவனொருவன் எம் குழுவில் வந்து சேர்ந்தான். முதல்நாள் அவன் சுவரோரம் ஒதுங்கி நின்ற நிலையைக் கண்டு, “ஏன் தம்பி, நீந்தப் பயமா?” என வினவினேன். “பயமில்லை சேர். எனக்கு மூச்சு வாங்க முன்னமே மற்றவை வெளிக்கிட்டிடுவினம். அதுதான் எப்பவும் கடைசி” என்றான். அங்கே முதலில் வந்தவன் எப்போது புறப்படுகிறானோ அப்போதே யாவரும் புறப்படவேண்டுமென்பது வழக்கமாம். அவன் தந்தையாரோ, “அது சாதாரண தரப் பரீட்சை ஆண்டு, நீச்சலிலும் பின், படிப்பிலும் பின் என்றால் ஒன்றையாவது விடட்டும்” என்ற எண்ணத்தோடிருந்தார். நான் அவரிடம் ஒரு தவணை அவகாசம் மட்டும் கேட்டேன். அவரும் இசைந்தார். அந்த ஒரு தவணைக்குள் அவன் நீச்சலை விடுவதா தொடர்வதா என்பது முடிவாக வேண்டியிருந்தது.

ஒவ்வொருவனுக்கும் அவனவன் வேகத்தை அறிவதற்கு எளிய சோதனையொன்று உண்டு. 1992 இல் வகயோஷி முதலிய யப்பானிய ஆய்வாளர் நீச்சலுக்கு எடுத்துக்காட்டிய கணக்கை அடியாகக் கொண்டது அது. மாணவன் 400 மீற்றரையும் 200 மீற்றரையும், இடையே நன்கு ஓய்ந்தபின், தன் முழு வலியோடு நீந்துதல் வேண்டும். இரு நேரங்களின் வேறுபாட்டை இரண்டாற் பிரித்தால், அவன் பெரிதுங் களையாது தொடர்ந்து தாங்கக்கூடிய 100 மீற்றர் வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். எம் குழுவின் முதல்வன் 400 மீற்றரை 6 நிமிடத்திலும் 200 மீற்றரை 2 நிமிடம் 50 செக்கனிலும் நீந்தினான். வேறுபாடு 190 செக்கன்; பாதி 95. ஆகவே அவனுக்குரிய வேகம் 1 நிமிடம் 35 செக்கன். புதிதாய் வந்தவன் 400 மீற்றரை 7 நிமிடம் 20 செக்கனிலும் 200 மீற்றரை 3 நிமிடம் 30 செக்கனிலும் முடித்தான். வேறுபாடு 230, பாதி 115. அவனுக்குரிய வேகம் 1 நிமிடம் 55 செக்கன்.

இத்தகைய பயிற்சிக்கு 100 மீற்றருக்கு 10 முதல் 20 செக்கன் வரை ஓய்வு போதும். இருவருக்கும் 15 செக்கன் என வைத்தேன். முதல்வன் 1 நிமிடம் 50 செக்கனுக்கு ஒருமுறை புறப்பட்டான். புதியவன் 2 நிமிடம் 10 செக்கனுக்கு ஒருமுறை புறப்பட்டான். ஒருவன் பத்துமுறை நீந்த 18 நிமிடம் 20 செக்கன் சென்றது. மற்றவன் எட்டுமுறை நீந்த 17 நிமிடம் 20 செக்கன் சென்றது. இருவரும் ஏறக்குறைய ஒரே வேளையிற் கரையேறினர். அன்று அவன் கடைசியல்லன். வேறொரு வரிசையில், வேறொரு கணக்கில், தனக்குரிய வேலையை முழுமையாகச் செய்து முடித்தவன் அவன்.

கணிதத்தை வெறுக்கும் மாணவரும் நீரில் நின்று கணக்குப் போடுதல் காணச் சுவையானது. 1 நிமிடம் 50 செக்கன் வரிசையினர், முள் 60 இல் நிற்கப் புறப்பட்டால் அடுத்தமுறை 50 இல், பின்னர் 40 இல், 30 இல் எனப் பின்னோக்கிச் செல்வர். 2 நிமிடம் 10 செக்கன் வரிசையினர் 10, 20, 30 என முன்னோக்கிச் செல்வர். வகுப்பிலே கழித்தலிற் பிழைவிடும் பையன் இங்கே ஒரு செக்கனும் பிசகாது புறப்படுவான்.

வேகமும் ஓய்வும் பயிற்சியின் நோக்கத்துக்கேற்ப மாறும். நெடுந்தூர வலிமை வேண்டின், வேகத்தை அடக்கி ஓய்வைக் குறைத்தல் வேண்டும். மூச்சையும் இதயத்தையும் அவற்றின் எல்லையளவில் உழைப்பிக்க வேண்டின், வேகத்தை உயர்த்தி, நீந்திய நேரத்தின் பாதி முதல் அந்நேரத்துக்குச் சமமான அளவு வரை ஓய்வு தருதல் தகும். போட்டி வேகத்தைப் பழக்க வேண்டின், தூரத்தைத் துண்டாக்க வேண்டும். 200 மீற்றரை 2 நிமிடம் 24 செக்கனில் முடிக்க விரும்பும் ஒருவன் நான்கு 50 மீற்றர்களை, இடையிடையே 10 செக்கன் ஓய்வுடன், ஒவ்வொன்றும் 36 செக்கனாக நீந்துவான். முடிவிற் கடிகாரம் 2 நிமிடம் 54 செக்கன் காட்டும். ஓய்வு 30 செக்கனைக் கழித்தால் அவன் விரும்பிய நேரம் வரும். இலக்கு எட்டாத தொலைவிலன்று, துண்டு துண்டாகத் தன் கைக்குள்ளேயே இருக்கின்றதென்பதை அவன் உடல் அன்று அறிந்துகொள்ளும்.

குறுந்தூர வேகமோ முற்றிலும் வேறு. 25 மீற்றரை முழுவிசையோடு பாய்ந்து நீந்துபவனுக்குத் தசைகளிற் சேமித்துள்ள கிரியற்றீன் பொசுபேற்று என்னும் சேர்வையே பெரிதும் உதவுகின்றது. அது சில செக்கன்களிலே பெரும்பாலும் செலவாகிவிடும். ஓய்வு கொண்டால் அரை நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி மீளும். பெரும்பகுதி மீள இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். ஆகவே எட்டுமுறை 25 மீற்றர் பாயச் சொன்னால், இரண்டு நிமிடத்துக்கொருமுறை புறப்படச் சொல்வதே முறை. பையன் நீந்துவது 15 செக்கன். நிற்பது 105 செக்கன். அவ்வோய்வை அரை நிமிடமாக்கினாற் பயிற்சி கடுமையாகுமென்பது மெய்யே. ஆனால் அது வேகப் பயிற்சியாக இராது. பிள்ளை களைப்போடு மெதுவாக நீந்தப் பழகிக்கொள்வான். எதைப் பன்முறை செய்கிறோமோ அதுவே உடலுக்குப் பழக்கமாகின்றது என்பதை விளையாட்டாசிரியர் மறத்தலாகாது.

இதனால் ஒருமுறை எனக்கும் எம் பழைய மாணவருள் ஒரு பெரியவருக்கும் அன்பான வழக்கொன்று நேர்ந்தது. கல்லூரிக்கெனத் தனித் தடாகம் எமக்கில்லை. மணிக்கணக்கில் வாடகை செலுத்தியே நீந்துகிறோம். அவ்வாடகையைப் பல மாதங்களாகத் தம் கைப்பொருளாற் கொடுத்துதவியவர் அவர். ஒருநாள் மாலை பயிற்சியைப் பார்க்க வந்து, நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “மாஸ்ரர், குறை நினையாதையுங்கோ. மணித்தியாலத்துக்குக் காசு கட்டுறம். பிள்ளையள் பாதி நேரம் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்குதுகள். போட்டிக்கு இன்னும் ஆறு கிழமைதானே?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் பணம் வீணாகக் கூடாது. பிள்ளைகளின் வாய்ப்பும் வீணாகக் கூடாது. சொல்லால் விடை கூறுவதினும் கடிகாரமே விடை கூறட்டும் என்றெண்ணி, “ஐயா, நேரமறி கருவியை நீங்களே பிடியுங்கோ” என்று அதனை அவர் கையிற் கொடுத்தேன்.

அன்று எம் முதல்வன் எட்டு 50 மீற்றர்களை 1 நிமிடம் 20 செக்கனுக்கு ஒருமுறையாக நீந்தினான். குறித்த வேகம் 34 செக்கன். பெரியவர் தாளிற் குறித்த நேரங்கள் 34, 34, 33, 34, 34, 34, 34, 34 என வந்தன. இரண்டு நாள் கழித்து, அவர் விருப்பப்படியே, அதே பயிற்சியை 50 செக்கனுக்கு ஒருமுறையாக நீந்தச் செய்தோம். முதலாவது 33; அடுத்தவை 35, 37, 38; ஆறாவது 41. முதற் சுற்றுக்குப் பின் 17 செக்கனாயிருந்த ஓய்வு ஆறாவதற்குப் பின் 9 செக்கனாகச் சுருங்கியிருந்தது. கைவீச்சும் குலைந்தது, 50 மீற்றருக்கு இட்ட வீச்சுக்களின் எண்ணிக்கையும் ஏறியது. அத்தோடு நிறுத்தினேன். போட்டியன்று அவன் நீந்தவேண்டிய வேகத்தை முதல்நாள் எட்டுமுறை பழகினான். இரண்டாம்நாள் ஒருமுறையே பழகினான். பெரியவர் இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, “அப்ப நிக்கிறதுக்கும் சேர்த்துத்தான் நான் காசு கட்டவேணும்” எனச் சிரித்தார். அவர் உதவி பின்னரும் நின்றிலது.

அதன்பின் யாம் கைக்கொண்டு வரும் விதி எளியது. ஒரு தொகுதியின் கடைசிச் சுற்று முதற் சுற்றை ஒத்திருக்கவேண்டும். போட்டி வேகப் பயிற்சியிலே குறித்த நேரத்தினின்று இரண்டு செக்கன் பிந்தினால் ஒருமுறை விட்டுக்கொடுத்து ஓய்வு தருவோம். மீண்டும் பிந்தினால் அன்றைய வேலை முடிந்தது. முதற் சுற்றிற் பாய்ந்து பின் தேய்பவனைப் பார்த்துப் பெருமைகொள்வதில்லை. 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலே 1,500 மீற்றரை 14 நிமிடம் 30.67 செக்கனில் நீந்தி உலக சாதனை நாட்டிய அமெரிக்கர் பொபி பிங்க், சராசரியாக ஒவ்வொரு நூறு மீற்றரையும் 58 செக்கன் அளவில் முடித்திருக்கிறார். பதினைந்து நூறுகளை இடைவேளையின்றி அவ்வாறு கோத்த பெருமை, இடைவேளையோடு பல்லாண்டு பழகியவர்க்கே வாய்க்கும்.

சில காப்புகளையும் இங்குக் கூறுதல் கடன். நாடியைப் பத்துச் செக்கன் எண்ணி ஆறாற் பெருக்கும் வழக்கத்தை ஒவ்வொரு மாணவனுக்கும் கற்பிக்கலாம். நீரிலே துடிப்பு நிலத்திலுள்ளதினும் நிமிடத்துக்குப் பத்தளவு குறைந்து காணப்படுதலை மனங்கொள்ள வேண்டும். எம் நாட்டு வெப்பத்திலே தடாக நீரும் சூடேறும். வியர்வை நீரோடு கலப்பதாற் புலனாகாது. அந்நாள்களில் ஓய்வைக் கூட்டி, குடிநீரைக் கரையில் வைத்தல் இன்றியமையாதது. எல்லாவற்றினும் மேலாக, மூச்சையடக்கி நீருக்கடியில் நெடுந்தூரம் செல்லும் பந்தயங்களைப் பிள்ளைகள் விளையாட்டாகவும் செய்யவிடலாகாது. விரைந்து மூச்செறிந்துவிட்டு மூழ்குபவன், மூச்செடுக்கும் உந்துதல் தோன்றுமுன்னரே உணர்விழத்தல் கூடும். நன்றாக நீந்தத் தெரிந்தவரே இவ்வாறு ஒலியின்றி இறந்துபோகின்றனர். தனியே நீந்தும் பயிற்சியும் ஆகாது. கரையில் ஒருவர் விழித்திருத்தல் வேண்டும்.

தமிழாசிரியன் இவற்றையெல்லாம் எண்ணுங்கால் தன் பாடத்தை நினையாதிருத்தல் அரிது. எம் இலக்கண நூலார் ஒலியை மாத்திரையால் அளந்தனர். இயல்பாக இமைத்தலும் கைந்நொடித்தலுமே அவர்களுக்கு அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்றனர். அரை மாத்திரையே பெறும் மெய்யையும் விட்டுவிடாது கணக்கிற் சேர்த்தனர். ஆதி தாளத்திலே தட்டுக்கு ஓரெண்ணிக்கை என்றால் ஓசையற்ற வீச்சுக்கும் ஓரெண்ணிக்கை உண்டு. வீச்சை விழுங்கிவிட்டுத் தட்டை மட்டும் போட்டுக்கொண்டு போகின்றவனை எந்தப் பாடகரும் மேடையில் வைத்துக்கொள்ளார். ஓய்வும் இத்தகையதே. அளந்து கொடுத்தால் அது பயிற்சி. அளவின்றிக் கிடந்தால் அது சோம்பல். பறித்துக்கொண்டால் அது துன்பம்.

இன்று எம் மாணவரின் வாழ்நாளை நோக்கும்போது இவ்வெண்ணம் தடாகத்தோடு நிற்பதில்லை. விடியுமுன் ஒரு தனியார் வகுப்பு, பின் கல்லூரி, மாலையில் வேறொரு வகுப்பு, இரவு வீட்டுவேலை, சனி ஞாயிறுகளிலும் அவ்வாறே. அங்கும் வகுப்பின் முதல்வனுடைய வேகமே யாவருக்கும் புறப்பாட்டு நேரமாகின்றது. ஒரு கணக்கை விரைந்து முடித்தவன் சற்றுத் தலைநிமிர்ந்து இளைப்பாறுகிறான். பிந்தி முடித்தவன் முடிக்குமுன்னரே அடுத்த கணக்குக் கரும்பலகையில் வந்துவிடுகின்றது. பத்தாம் வகுப்புக்கு வருங்கால் அவன் தன்னை மந்தன் என்றே கொண்டுவிடுகிறான். அவனுக்கு வேண்டியது வேறொரு மூளையன்று. இன்னும் பதினைந்து செக்கன். என் வகுப்பிலே வினாவொன்றைக் கேட்டபின் உடனே கையுயர்த்துபவனை விடுத்து, மனத்துள் பத்துவரை எண்ணிப் பின்னரே ஒருவனை எழுப்பும் வழக்கத்தை நான் நீச்சற் கரையிலிருந்தே கற்றுக்கொண்டேன். அந்தப் பத்தெண்ணிக்கைக்குள் எழும் கைகள் சில, முன்பு எழுந்தறியாதவை.

அம்மாணவனைப் பற்றிக் கேட்க விரும்புவோர்க்குக் கூறுகிறேன். ஒரு தவணை இரண்டு தவணையாகி, ஓராண்டாயிற்று. ஆறு கிழமைக்கு ஒருமுறை சோதித்து அவன் வேகத்தைத் திருத்தி வந்தோம். ஆண்டிறுதியில் 400 மீற்றரை 6 நிமிடம் 52 செக்கனில் முடித்தான். பாடசாலைகளுக்கிடையிலான போட்டியில் ஐந்தாமிடம் பெற்றான், பதக்கம் இல்லை. சாதாரண தரத்தில் உயர்தரம் கற்கப் போதிய சித்திகளைப் பெற்றான். அன்று தந்தையார் கரையில் நின்று நேரங்களைத் தாமும் குறித்துக்கொண்டிருந்தமையைக் கண்டேன். இப்போது அவன் மேல்வகுப்பு மாணவன். கனிட்ட பிரிவினரின் மூன்றாம் வரிசைக்கு அவனே நேரங் குறிப்பவன். பிந்தி வரும் சிறுவனிடம், “அவசரப்படாதை, உனக்கு இன்னும் நேரமிருக்கு” என்று அவன் கூறும் குரலைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். வெற்றிக் கேடயங்களை வழங்குதல் நன்றே. அவற்றோடு, நீந்துவோர் இரு சுவர்களிலிருந்தும் நோக்குமாறு இரண்டு பெரிய கடிகாரங்களையும் கல்லூரிக்கு வழங்குவீராயின், அவை கேடயம் பெறாத பிள்ளைகளுக்கும் பயன்படும். ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று: குழுவை வேகத்தின்படி மூன்று வரிசையாக்குங்கள், ஒவ்வொரு வரிசைக்கும் அதன் கடைசிப் பிள்ளையைப் பார்த்துப் புறப்பாட்டு நேரம் வையுங்கள். மாணவச் செல்வங்களுக்கு ஒன்று: சுவரைப் பிடித்து நிற்கும் வேளையிலே வீண்பேச்சுப் பேசாது மூச்சைச் சீராக்குங்கள், முள்ளைப் பாருங்கள், அடுத்த சுற்றை மனத்தில் ஒருமுறை நீந்துங்கள். நிற்கும் நேரமும் உங்கள் நேரமே.

கல்லூரி அன்னை நீடு வாழ்க! அவள் மைந்தர் தத்தமக்குரிய வேகத்தில், தத்தமக்குரிய கரையை நலமே சென்று சேர்க!